எழுத்து விளையாட்டு: அ, ஆ, இ-யை ஏ, பி, சி போல நடத்தினால் எங்கே இடிக்கும்?

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்தை விளையாட்டாகச் சொல்லித் தரலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்காகச் செய்த விளையாட்டு ஒன்றை எடுத்து, ஏ, பி, சி இருந்த இடத்தில் அ, ஆ, இ என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். பாதி விளையாட்டுகள் அங்கேயே கெட்டுப்போகின்றன. தமிழ் எழுத்தின் குணம் வேறு. அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டால் விளையாட்டு தானாகவே நன்றாக அமையும்.

"இந்த எழுத்தில் தொடங்கும் பொருளைக் கொண்டு வா" என்ற விளையாட்டைப் பாருங்கள். உயிரெழுத்து வரை சிக்கல் இல்லை. க, ம, ப என்று போகும்போதும் சரிதான். ட வந்ததும் டம்ளரைத் தேடி ஓடுகிறோம். ண, ழ, ள, ற, ன வந்தால் கைவசம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் இந்த எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்குவதே இல்லை. இல்லாத சொல்லைத் தேடச் சொல்வது குழந்தையைக் குழப்பும். இவை வாழும் இடம் சொல்லின் நடுவும் கடைசியும். ஆகவே விளையாட்டைத் திருப்பிப் போடுங்கள்: சொல் எதில் முடிகிறது?

இரண்டு தட்டு போதும். ஒன்றில் ம், மற்றொன்றில் ல் என்று அட்டை வையுங்கள். மரம், பழம், படம், குளம். பல், பால், கல், மயில் என எட்டுப் படங்களை ஒரு துணிப்பையில் போடுங்கள். குழந்தை ஒரு படத்தை எடுத்து, பெயரை இழுத்துச் சொல்லட்டும். கடைசியில் உதடு இரண்டும் ஒட்டினால் ம் தட்டு. நாக்கு நுனி மேலே போய் நின்றால் ல் தட்டு. வாய்க்குள் நடப்பதைக் கவனிக்கும் இந்தக் கணத்தில்தான் எழுத்தும் ஒலியும் சேர்கின்றன. இதில் ஒரு கவனம் வேண்டும். பேச்சில் 'மரம்' மூக்கோடு 'மரோ' என்று நின்றுவிடும், 'பால்' 'பாலு' ஆகிவிடும். பிறகு உதடு எப்படி ஒட்டும்? இந்த விளையாட்டுக்கு மட்டுமாவது எழுத்தில் உள்ளபடி முழுதாகச் சொல்லுங்கள்.

இதே பேச்சு வழக்கு தொடக்க ஒலியிலும் காலை வாரிவிடும், பலரும் கவனிக்காத இடம் இது. இ-க்கு எல்லா அட்டையிலும் இலைதான் படம். வீட்டில் நாம் சொல்வதோ 'எலை'. உ-வுக்கு உரல், பேச்சில் 'ஒரல்'. குழந்தை இலைப் படத்தைக் கொண்டுபோய் எ-யில் வைத்தால் அது தவறே இல்லை. காதில் விழுந்ததை அப்படியே செய்திருக்கிறது. அதைத் திருத்தித் திருத்திச் சோர்வதைவிடப் படத்தை மாற்றுவது எளிது. இட்லி, இஞ்சி, உப்பு, உருண்டை ஆகியவை பேச்சிலும் இ, உ-வாகவே நிற்கும். படம் குழந்தைக்குத் தெரிந்ததா என்பதும் முக்கியம். ஓடத்தைக் காட்டினால் 'போட்டு' அல்லது 'படகு' என்று பதில் வரும், ஓ ஒலி காணாமலே போகும். புதுப் படம் எதையும் சேர்க்கும் முன்பு "இது என்ன?" என்று கேட்டு, குழந்தையின் வாயில் எந்தப் பெயர் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. விளையாட்டு ஒரு வாரம் ஓடிய பிறகு படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் இதுவரை படித்தது படத்தைத்தான்.

எழுத்தின் பெயரும் வழியை மறிக்கும். ஆனா, ஆவன்னா என்பது பாடக் கேட்க இனிமை. ஆனால் 'மானா, ரானா' என்று பழகிய குழந்தை மரத்தை எழுத்துக்கூட்ட முடியாமல் திணறும். மெய்யெழுத்தை 'இக், இங், இச்' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தாலும் இதே கதைதான்: ப, ல் என்ற இரண்டு அட்டையைச் சேர்த்து வைத்தால் 'ப-இல்' என்று வாசிக்கும். மெய்யை முந்தைய ஒலியோடு சேர்த்தே காட்டுங்கள். ப அட்டையில் விரல் வைத்து 'ப...' என்று நீட்டி, விரலை நகர்த்தி ல்-இல் வந்ததும் நாக்கை நிறுத்திவிட வேண்டும்.

247 எழுத்து என்ற கணக்கு பெரியவர்களை அவசரப்படுத்துகிறது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்ற வரிசை பாட்டாகப் பாடுவதற்கு இருக்கட்டும். விளையாட்டுக்கு ஒரு வாரத்தில் மூன்று, நான்கு எழுத்து போதும், அவையும் உருவத்தில் விலகியிருக்க வேண்டும். எ-ஏ, ஒ-ஓ, த-ந, ண-ன ஆகிய ஜோடிகளை ஒரே நாளில் அறிமுகம் செய்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் பிரியாது. ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றதைக் கொண்டு வாருங்கள். மூன்று சுழி, இரண்டு சுழி என்று எண்ணும் விளையாட்டு அப்போதுதான் சுவைக்கும்.

தொடங்குவதற்கு நல்ல கூட்டணி ட, ப, ம, ர. ட-வும் ப-வும் நேர்கோடுகள், பிஞ்சுக் கைக்கும் கண்ணுக்கும் எளியவை. 10 செ.மீ. சதுர அட்டையில் ப, ம, ட இரண்டிரண்டும் ர ஒன்றும் எழுதிக்கொள்ளுங்கள், மொத்தம் ஏழு அட்டை. கூடவே இரண்டு ஸ்டிக்கர் பொட்டு. ம-வின் தலையில் பொட்டு வைத்தால் வாய் மூடிக்கொள்ளும், எடுத்தால் திறக்கும். இந்த ஒரு காட்சியைக் குழந்தைகள் மறப்பதில்லை. ஏழு அட்டையையும் இரண்டு பொட்டையும் வைத்து படம், மரம், மடம், பட்டம், பம்பரம் எல்லாம் செய்யலாம். பம்பரத்தின் இரண்டாவது ப மென்மையாக ஒலிப்பதைத் தனியே விளக்கப் போக வேண்டாம். சொல்லை வேகமாகச் சேர்த்துச் சொன்னால் தமிழ் பேசும் நாக்குக்கு அது தானே வரும்.

அட்டையை நீட்டியதும் "இது என்ன சொல்லு?" என்று பரீட்சை வைப்பது எல்லோருக்கும் வருகிற பழக்கம். மாண்டிசோரி வகுப்புகளில் உள்ள மூன்று படி இதற்கு நல்ல மாற்று. முதலில் "இது ம" என்று நீங்களே சொல்லுங்கள். அடுத்து "ம எங்கே, எடு" என்று கேளுங்கள். பலமுறை சரியாக எடுத்த பிறகுதான் "இது என்ன?" வர வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். குழந்தை இன்னும் கேட்கும்போதே எடுத்து வைத்துவிட்டால் நாளைக்குத் தானே வந்து கேட்கும்.

தாம்பாளத்தில் அரிசி பரப்பி விரலால் எழுதுவது விஜயதசமி நாளின் வழக்கம். அன்றைய அ-வுக்கு அது அழகு. தினசரி விளையாட்டுக்கு அரிசி மணி பெரியது. ண, ன-வின் சுழியை இழுத்ததும் மணிகள் சரிந்து மூடிவிடும், குழந்தை பார்ப்பது ஒரு குழிதான். ரவை நல்லது. அரை செ.மீ. உயரத்துக்கு மேல் போடாதீர்கள். அடித்தட்டின் நிறம் கோடாகத் தெரிய வேண்டும், எழுத்து ஒரு சாண் உயரமாவது இருக்க வேண்டும். காற்றில் எழுதிக் காட்டும்போது குழந்தைக்கு எதிரே நிற்காதீர்கள். உங்கள் எழுத்து அதன் கண்ணுக்கு இடவலம் மாறித் தெரியும். பக்கத்தில், ஒரே திசை பார்த்து நில்லுங்கள்.

பாண்டிக் கட்டத்தில் எழுத்து எழுதினால் திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழாக இருக்கும். கடைசிக் கட்டம் ஏறியதும் வெளியே ஓடி வந்து மறுபடி முதலிலிருந்து ஆடச் சொல்லுங்கள். தினமும் கட்டங்களின் வரிசையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் இடத்தைத்தான் மனப்பாடம் செய்யும்.

காந்த எழுத்து வாங்கினால் உள்ளே இருக்கும் காந்தம் கழன்று வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் காயப்படுத்தும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆபத்து அது. சோழி, புளியங்கொட்டை, பொட்டு எல்லாம் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். எதையும் வாயில் போடும் பழக்கம் இன்னும் உள்ள குழந்தைக்கு அவை வேண்டவே வேண்டாம்.

உயிர்மெய்க்கு வரும்போது, ஐந்து வயதை நெருங்கும் சமயத்தில், குறிகளைத் தனித்தனி அட்டையாக வெட்டி ஒட்டும் விளையாட்டு செய்யத் தோன்றும். எழுத்தை விட்டுத் தனியே நிற்பவை காலும் கொம்பு வகைகளும்தான், அவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ணா, றா, னா-வும் மற்ற எழுத்துகளைப் போலவே கால் வாங்குகின்றன என்பதால் ஒரே கால் அட்டை பதினெட்டுக்கும் பொருந்தும். உகர வரிசை அப்படி இல்லை. கு ஒரு விதம், பு ஒரு விதம், து ஒரு விதம். இதற்குப் பொதுவான துண்டு வெட்ட முடியாது. அவற்றை முழு எழுத்தாகவே அட்டையில் எழுதுங்கள்.

கொம்பில் ஒரு தவறு நிச்சயம் வரும். கெ என்று கேட்ட குழந்தை க-வை வைத்து, அதன் வலப்பக்கம் கொம்பை வைக்கும். எ ஒலி பின்னால் வருகிறது, கொம்போ முன்னால் நிற்கிறது. குழந்தையின் கணக்கில் பிழை இல்லை. நீளமான அட்டையில் மூன்று கட்டம் போடுங்கள். நடுக்கட்டம் எழுத்துக்கு, வலக்கட்டம் காலுக்கு, இடக்கட்டம் கொம்புக்கு. இடக்கட்டத்துக்கும் கொம்பு அட்டைகளுக்கும் ஒரே சிவப்பு வண்ணம் தீட்டுங்கள். எப்போதும் நடுக்கட்டத்தை நிரப்பிய பிறகே மற்றவை. கெ, கே இரண்டும் இப்படிப் பழகிய பிறகு, வலக்கட்டத்தில் காலையும் வைத்தால் கொ, கோ வந்துவிடும்.