கோழி வலையை நம்பிக் கோழி வளர்க்காதீர்கள்

அண்மையில் கோழி வளர்க்கத் தொடங்கிய நண்பர் ஒருவர், தாமே கட்டிய கூண்டைப் பார்க்க வரும்படி அழைத்திருந்தார். மரச்சட்டங்கள் நேராக நின்றன. கூரையில் ஒழுக்கு இல்லை. கோழிகள் அடையும் கம்புகளும் போதிய உயரத்தில் இருந்தன. ஆனால் நான்கு பக்கமும் அவர் அடித்திருந்தது அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கம்பி வலை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் கட்டிய முதல் கூண்டே என் எதிரில் வந்து நிற்பதுபோல் இருந்தது.

இரவில் கதவைச் சாத்த மறப்பது, தாயில்லாத குஞ்சுகளை வெட்டவெளியில் விடுவது போன்றவற்றை இங்கே நான் எழுதப் போவதில்லை. அவற்றை ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்வதில்லை. தவறு என்றே தெரியாமல் செய்பவற்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயரைப் பார்த்து வலை வாங்குவது

1844-ல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் சார்லஸ் பர்னார்ட் என்பவர், துணி நெய்யும் எந்திரத்தைப் பின்பற்றிக் கம்பியைப் பின்னும் எந்திரம் ஒன்றை உருவாக்கினார். அந்த வழியில் வந்ததுதான் இன்று நாம் கோழி வலை என்று அழைக்கும் பொருள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்காது. இந்த ஒரு வேறுபாட்டை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்ற எரிச்சல் இன்றுவரை தீரவில்லை.

அப்போது என்னிடம் பன்னிரண்டு கோழிகள் இருந்தன. ஒரு நாள் காலை இரண்டு கோழிகள் தலையில்லாமல் கம்புக்கு அடியில் கிடந்தன. வலையில் கிழிசல் இல்லை. கதவின் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பார்க்க வந்தவர்கள் பாம்பு என்றார்கள், நானும் நம்பினேன். பாம்பு இரையை முழுதாக விழுங்குமே தவிரத் தலையை மட்டும் கடித்து எடுக்காது என்பது அந்தப் பதற்றத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாள் செலவழித்துத் தரையில் இருந்த பொந்துகளை எல்லாம் அடைத்தேன். மூன்றாம் நாள் காலை இன்னொரு கோழி அதே நிலையில் கிடந்தது.

அதன் பிறகே மண்டியிட்டு வலையைக் கண் கண்ணாகப் பார்த்தேன். கம்பின் உயரத்தில், வலையின் வெளிப்பக்கம், உலர்ந்த இரத்தத்தில் சிறு கழுத்து இறகுகள் ஒட்டியிருந்தன. வந்த விலங்கு கூண்டுக்குள் காலே வைக்கவில்லை. கோழியின் கண் பகல் வெளிச்சத்துக்கு ஆனது. இருட்டில் அதற்குப் பார்வை மிகக் குறைவு என்பதால், பக்கத்தில் இருக்கும் கோழி சாகும்போதுகூட மற்றவை பெரும்பாலும் இடத்தை விட்டு அசைவதில்லை. நான் கம்பை வலையோடு ஒட்டிப் போட்டிருந்தேன். வலையில் சாய்ந்து உறங்கிய கோழிகளின் தலைகளை இரண்டங்குலக் கண் வழியாக வெளியே இழுத்துக் கடித்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த பிறகு நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். கம்பை நடுவே நகர்த்திவிட்டு, அதே வலையை இன்னொரு சுற்று மேலே அடித்தேன். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இருபது நாள் என்னை நன்றாக ஏமாற்றின. இரட்டை வலை தாங்கும் என்று நானே இரண்டு பேருக்கு அறிவுரையும் சொல்லிவிட்டேன். இருபத்தோராம் நாள் இரவு ஒரு நாய் வந்தது. முறுக்கிப் பின்னிய அந்த மெல்லிய கம்பி நாயின் பல்லுக்குத் தாங்காது. நாய் கடித்து இழுத்த இடம், காலையில் ஒரு தலை நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. ஒன்பதில் ஏழு செத்துப் போயிருந்தன. ஒன்றைக்கூட அது தின்னவில்லை. தீவனப் பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்ட இரண்டு மட்டும் மிஞ்சின.

தின்னாமல் ஏன் கொல்ல வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஊனுண்ணிகள் தேவைக்கு மேல் கொல்வதைப் பற்றி 1972-ல் எழுதிய விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக், கும்மிருட்டான இரவுகளில் நரிகள் கடற்காக்கைகளைக் கூட்டமாகக் கொன்று போட்டதை விவரித்திருக்கிறார். அந்தப் பறவைகள் இருட்டில் எழுந்து பறக்கவில்லை. தப்பி ஓடாத இரை எதிரில் இருக்கும்வரை கொல்லும் தூண்டுதல் அடங்குவதில்லை. இரவுக் கூண்டு அந்தச் சூழலை அப்படியே உண்டாக்கித் தருகிறது. எனவே ஓட்டை சிறியதாயிற்றே, போனால் ஒரு கோழி போகும் என்று கணக்குப் போடாதீர்கள்.

கூண்டுக்கு வேண்டியது பற்றவைத்த சதுரக் கண் வலை, அதாவது வெல்டு மெஷ். கண் அரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் இருக்கட்டும். கம்பி ஒரு மில்லிமீட்டர் தடிமன், அதாவது 19 கேஜ் இருக்கட்டும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை மறந்து, எண் பெரியதாக இருக்கிறதே என்று 23 கேஜ் வாங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசிய வலை, முன்பே பூசிய கம்பியில் செய்ததைவிட நீண்ட நாள் துருப்பிடிக்காமல் உழைக்கும். அதைச் சட்டத்தில் ஸ்டேப்ளர் முள்ளால் அடித்தால் நாய் ஒரே இழுப்பில் பெயர்த்துவிடும்; வலைமேல் மரப்பட்டி வைத்துத் திருகாணியால் முடுக்க வேண்டும், அல்லது அகன்ற வாஷர் போட்டு முடுக்க வேண்டும். அடையும் கம்பு எந்தப் பக்க வலையிலிருந்தும் ஓரடியாவது தள்ளி இருக்கட்டும். ஏற்கெனவே வாங்கிவிட்ட கோழி வலையை வீணாக்க வேண்டாம். கீரைப் பாத்தியைக் கோழி கிளறாமல் காக்க அது மிகவும் ஏற்றது.

வலையைத் தரையோடு நிறுத்துவது

தோண்டும் விலங்கு சுவரின் அடியில்தான் தோண்டத் தொடங்கும். வலையின் கீழ்ப்பகுதியில் ஒன்றரை அடியை வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் படுக்க வைத்து, மேலே மண்ணோ கல்லோ போட்டுவிட்டால், அது தோண்டும் இடமெல்லாம் கம்பிதான் தட்டுப்படும். ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்டிப் பார்ப்போம் என்ற யோசனை அதற்குப் பெரும்பாலும் வருவதில்லை.

கதவுக்குக் கொக்கி ஒன்று போதும் என்று நினைப்பது

போதாது.

தடயம் பாராமல் தீர்ப்புச் சொல்வது

நான் பாம்பைக் குற்றம் சாட்டிய கதையைச் சொல்லிவிட்டேன். முட்டை ஓடுகூட மிஞ்சாமல் மறைந்தாலோ, செத்த குஞ்சின் தலையும் கழுத்தும் மட்டும் எச்சில் பட்டு நனைந்திருந்தாலோ பாம்பைச் சந்தேகிக்கலாம். விழுங்கப் பார்த்து, முடியாமல் விட்டுப் போயிருக்கும். கழுத்திலோ பிடரியிலோ சிறு பல் தடங்களோடு பல கோழிகள் கிடந்தால் கீரி, மரநாய் போன்ற ஒல்லியான உடல் கொண்டவை வந்திருக்கும். கோழிகள் ஆங்காங்கே குதறப்பட்டுச் சிதறிக் கிடந்தால் நாய். சில இறகுகள் மட்டும் கிடக்க, முழுக் கோழியே காணாமல் போயிருந்தால் நரியாக இருக்கலாம். பிடுங்கிய இறகுகள் ஓரிடத்தில் குவிந்திருந்தால் அது வானத்திலிருந்து வந்தது. குஞ்சுகள் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைந்தால் எலி வளையைத் தேடுங்கள். எல்லாவற்றையும் கழுவிச் சுத்தம் செய்த பிறகு இவற்றில் எதுவும் தெரியாது. முதலில் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு கழுவுங்கள்.

எலிக்கு விஷம் வைப்பது

வைக்காதீர்கள். தள்ளாடும் எலியைக் கோழியே கொத்தித் தின்னும். எலிகளைக் குறைத்துக்கொண்டிருந்த ஆந்தையும் அதைத் தின்று சாகும். மாலையில் தீவனத்தை எடுத்து மூடி வைத்தாலே எலியும், எலியைத் தேடி வரும் பாம்பும் குறையும்.

பகலில் சேவலின் குரலைக் கவனிக்காதது

பருந்தை விரட்டப் பளபளக்கும் குறுந்தகடுகளைத் தொங்கவிடுகிறார்கள். சில நாளில் பருந்துக்கு அது பழகிவிடும். ஒதுங்கப் புதர்களும், தாழ்ந்த பந்தலும், மேலே கட்டிய வலையும்தான் உதவும். சேவல் இதற்கு நல்ல காவல். வானில் ஆபத்து என்றால் மெல்லிய, நீண்ட கீச்சொலி. தரையில் என்றால் விட்டுவிட்டு எழும் கொக்கரிப்பு. 1993-ல் எவான்ஸ், மார்லர் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், முதல் ஒலியின் பதிவை மட்டும் கேட்ட பெட்டைகள் மறைவிடத்துக்கு ஓடின, பதுங்கின, அண்ணாந்து பார்த்தன. இரண்டாவதைக் கேட்டவை நிமிர்ந்து நின்று நோட்டமிட்டன. ஒரு வாரம் காது கொடுத்தால் இந்த வேறுபாடு உங்களுக்கும் பிடிபடும். அதன்பின் கொக்கரிப்பு கேட்டதும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டீர்கள்.

வந்தது இனி வராது என்று இருப்பது

பெரும்பாலும் மறுநாள் இரவே வரும். வலையை மாற்றி முடிக்கும்வரை மிஞ்சிய கோழிகளை நான்கு சுவரும் கதவும் உள்ள அறையில் அடையுங்கள். என்னுடைய இரண்டும் பதினொரு நாள் என் குளியலறையில்தான் அடைந்தன.