கடன் உள்ள வீட்டை வாடகைக்கு விடுமுன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வங்கிக் கடனில் வீடு வாங்கிவிட்டு வெளியூர் போகிறவர்கள், வாடகைக்கு விடுமுன் கடன் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். ‘எழுத்துமூல அனுமதியின்றி வாடகைக்கு விடக்கூடாது’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுக் கிளைக்குக் கடிதம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திய நகல் கையில் இருக்கட்டும். வாய்வார்த்தை அனுமதி, மேலாளர் மாறினால் போச்சு.

ஒத்திக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு விடுவதுதான் பெரிய வம்பு. அடமானப் பத்திரத்தில் தடையே இல்லாவிட்டாலும், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவுப்படி மொத்தத் தொகையோ முன்வாடகையோ வாங்கக்கூடாது. கட்டடக் குத்தகைக்கு 3 ஆண்டுதான் உச்சம். தவணை தவறி, சர்ஃபேசி சட்டத்தின் (வாராக்கடனுக்கு அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் சட்டம்) 13(2) பிரிவுப்படி கடனைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துமூலச் சம்மதமின்றிப் புது ஆளைக் குடிவைக்கவே கூடாது.

குடிவருபவரும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். பதிவான அடமானம் அதிலேயே தெரியும்.