எஃப்.எம். இரைகிறதா? வயரை நீட்டிப் பாருங்கள்

மொபைலில் எஃப்.எம். கேட்க இயர்போனைச் செருகச் சொல்வது ஏன் தெரியுமா? அந்த வயர்தான் ஆன்டெனா. சுருட்டி வைத்தால் இரைச்சல்தான் வரும், நீட்டி விடுங்கள். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது முக்கால் மீட்டர் இருந்தால் நன்றாக இழுக்கும். ரேடியோவின் கம்பி ஆன்டெனாவுக்கும் இதே கணக்குதான்.

எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மீடியம் வேவ் போலத் தரையை ஒட்டி வளைந்து வராது. அதனால் டிரான்ஸ்மிட்டரின் பவர் மட்டும் போதாது, அது நிற்கும் உயரம்தான் பெரிய விஷயம். 100.5-இல் வரும் கொடைக்கானல் வானொலி சமவெளியில் அத்தனை மாவட்டங்களில் கேட்பது அந்த மலையின் புண்ணியம். 2,000 மீட்டர் உயரத்திலிருந்து ரேடியோ அடிவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்கும் வரை அலை எட்டும் எல்லை, 180 கிலோமீட்டருக்கு அப்பால். 100 மீட்டர் கோபுரம் என்றால் 40 கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவுதான்.

சரி, வீட்டில் என்ன செய்வது? ரேடியோவை ஜன்னலோரம் வையுங்கள், மாடி என்றால் இன்னும் நல்லது. எல்.இ.டி. பல்பு, சார்ஜர் பக்கத்தில் வேண்டாம். மலிவு சார்ஜர்கள் கிளப்பும் இரைச்சல் கொஞ்சநஞ்சமல்ல! அப்படியும் சரியாகவில்லையா, ஸ்டீரியோவை மோனோவுக்கு மாற்றுங்கள். இரைச்சல் நன்றாகவே குறையும்.