தொட்டியைத் துளைக்காமல் சம்ப் வைப்பது எப்படி?

சம்ப் என்றதும் நம் ஊரில் பலருக்கு வாசலோரம் மூடி போட்டிருக்கும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும். மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் சம்ப் வேறு. மீன் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் உட்காரும் இன்னொரு கண்ணாடித் தொட்டி அது. மேலே வழியும் தண்ணீர் அங்கே இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்ப் வழியாகத் திரும்ப மேலே ஏறும்.

புதுத் தொட்டி என்றால் வாங்கும்போதே துளை போட்டுக்கொள்ளலாம். மீன்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் தொட்டியைக் காலி செய்து துளைப்பது பெரிய வேலை. டஃபண்ட் கண்ணாடியாக, அதாவது சூடாக்கி வலுவூட்டிய கண்ணாடியாக இருந்துவிட்டால் ட்ரில் பட்டதுமே பொடிப்பொடியாகிவிடும். இந்த இடத்தில்தான் விளிம்பில் தொங்கும் ஓவர்ஃப்ளோ பாக்ஸ் கைகொடுக்கிறது.

அதில் இரண்டு பெட்டிகள். ஒன்று தொட்டிக்கு உள்ளே, மற்றொன்று வெளியே. இரண்டையும் கவிழ்த்துப் போட்ட யூ வடிவக் குழாய் இணைக்கிறது. டிரம்மிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சித் தண்ணீர் எடுப்போமே, அதே சைஃபன்தான். உள்பெட்டியின் விளிம்பைத் தாண்டி விழும் தண்ணீர் மட்டுமே வெளியே போகும். கரண்ட் போனால் தொட்டியின் மட்டம் அந்த விளிம்பு வரை இறங்கி நின்றுவிடும். யூ குழாயின் இரண்டு முனைகளும் பெட்டிகளில் மூழ்கியே இருப்பதால் சைஃபன் அறுபடாது. கரண்ட் வந்ததும் ஓட்டம் தானே தொடங்கும். தொட்டிக்குள் வெறும் குழாயை மட்டும் விட்டு இதைச் செய்ய நினைக்காதீர்கள். முதல் பவர்கட்டுக்கே காற்று புகுந்துவிடும்.

முதலில் கணக்கு. 90 x 45 x 45 செ.மீ. தொட்டியை எடுத்துக்கொள்வோம். இதில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் என்பது சுமார் 4 லிட்டர். பம்ப் நின்றதும் மட்டம் 2.5 செ.மீ. இறங்கினால் 10 லிட்டர் கீழே வரும்; குழாய்களில் நிற்பதையும் சேர்த்து 12 என்று வையுங்கள். சம்ப் 60 x 30 x 35 செ.மீ. என்றால் அங்கே 1 செ.மீ. உயரம் 1.8 லிட்டர். ஆக, 12 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 7 செ.மீ. வேண்டும். மேலே 10 செ.மீ. காலியாக விட்டுவிட்டால் கவலை இல்லை.

இன்னொரு கணக்கை நான் செய்யாமல் விட்டேன். ஒரு நாள் ராத்திரி யூ குழாயில் காற்று சேர்ந்து சைஃபன் அறுந்துவிட்டது. பம்ப் தன் பாட்டுக்குத் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருந்தது. காலையில் ஹாலில் கால் வைத்தபோதுதான் தெரிந்தது. சம்ப்பில் பம்ப் இருக்கும் அறையைச் சின்னதாக வைத்திருந்தால் இது நடந்திருக்காது. அந்த அறை 15 x 30 செ.மீ. இருந்து, பம்பின் வாய்க்கு மேல் 10 செ.மீ. தண்ணீர் நின்றால், பம்ப் மேலே தள்ளக்கூடியது 4.5 லிட்டர்தான். ஓடும்போது தண்ணீர் மட்டம் தொட்டிக் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு 2.5 செ.மீ. கீழே இருந்தால் அது உள்ளேயே அடங்கிவிடும்.

சம்ப்பில் மூன்று அறைகள் போதும். முதலில் அழுக்கைப் பிடிக்க ஸ்பாஞ்ச், அடுத்து செராமிக் ரிங், கடைசியில் பம்ப். சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் சொன்ன அளவுக்குத் தொட்டி செய்து தருவார்கள். ஆர்டர் கொடுக்கும் முன் ஸ்டாண்டின் கதவை அளந்துகொள்ளுங்கள். உள்ளே இடமிருந்தும் வாசலில் நுழையாத சம்ப்கள் உண்டு.

பம்ப் வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் லிட்டரை நம்பாதீர்கள். அது உயரமே ஏற்றாமல் ஓடும் அளவு. பக்கத்திலேயே ஹெச்-மேக்ஸ் என்று இருக்கும். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. இந்தத் தொட்டிக்கு, மேலே ஏறிய பிறகு மணிக்கு 550 முதல் 900 லிட்டர் கிடைத்தால் சரி. ஓவர்ஃப்ளோ பாக்ஸ் அதைவிட அதிகம் இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்காக யூ குழாயை ரொம்பவும் பெரிதாகப் போட்டால், உள்ளே ஓட்டம் மெதுவாகி, குமிழ்கள் அடித்துச் செல்லப்படாமல் உச்சியிலேயே தங்கிவிடும். என் வீட்டில் நடந்தது இதுதான்.

இனி மாட்டும் வேலை. பாக்ஸை விளிம்பில் தொங்கவிட்டு மட்டம் பாருங்கள். இறங்கும் குழாயின் முனை சம்ப் தண்ணீருக்குள் 1 அல்லது 2 செ.மீ. மட்டும் மூழ்கட்டும், சத்தம் குறையும். அந்தக் குழாயில் வால்வு வேண்டாம். ஓட்டத்தைக் குறைக்க ஏறும் குழாயில் ஒரு பால்வால்வ் போதும். ஏறும் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கட்டும், ஆழமாக இருந்தால் கரண்ட் போனதும் அதன் வழியாகவும் நிறையத் தண்ணீர் திரும்ப இறங்கும். அதே குழாயில் மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டால், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து அந்த இறக்கம் நின்றுவிடும். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வை மட்டும் நம்புவது எனக்குப் பிடிக்காது. கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலே சரியாக மூடாது.

இரண்டு பெட்டிகளிலும் தண்ணீர் ஊற்றி, யூ குழாயைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு மெல்லிய ஏர் டியூபை அதன் உச்சி வரை விட்டு, காற்றை உறிஞ்சுங்கள். இருபுறமும் தண்ணீர் ஏறி ஒன்று சேர்ந்ததும் உறிஞ்சியபடியே டியூபை உருவிவிடுங்கள். சம்ப்புக்கு ஊற்றும் புதுத் தண்ணீரில் குளோரின் இருந்தால் முதலிலேயே நீக்கிவிட வேண்டும்.

பம்ப் ஓடத் தொடங்கியதும் இரண்டு சோதனைகள். ஸ்விட்சை அணைத்து, சம்ப் எவ்வளவு நிறைகிறது என்று பாருங்கள். மறுபடி போட்டு, மட்டம் பழையபடி நின்ற பிறகு, வேண்டுமென்றே யூ குழாயை எடுத்துவிட்டு, பம்ப் காற்றை இழுக்கும் வரை காத்திருங்கள். தொட்டி வழியவில்லை என்றால் அன்று ராத்திரி தூங்கலாம். சோதனை முடிந்து ஓட்டம் சீரானதும் பம்ப் அறையின் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஆவியாகும் தண்ணீர் அந்த அறையில்தான் குறையும். கோடு வரை மட்டும் ஊற்றுங்கள், அதற்கு மேல் ஊற்றினால் நாம் போட்ட கணக்கு கெடும்.

பழைய ஃபில்டரை உடனே கழற்றாதீர்கள். அழுக்கைச் செரிக்கும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது, தண்ணீரில் அல்ல. பழைய மீடியாவில் (ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச், ரிங் போன்றவை) பாதியைச் சம்ப்பில் போட்டு, மீதியோடு பழைய ஃபில்டரும் நான்கிலிருந்து ஆறு வாரம் ஓடட்டும். அப்புறம் கழற்றிக்கொள்ளலாம்.