பெங்களூரு வெயிலில் ரெட் ஒயின் ஊற்றும் முறை

போன ஏப்ரலில் மச்சான் லா ரிசர்வ் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் ஜம்பா ஒயின் கம்பெனிக்காரர்கள் கேபர்னே சாவிஞோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சை வகைகளைக் கலந்து பிரெஞ்சு ஓக் பீப்பாயில் முதிரவைக்கிற ஒயின். ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும் என்று எங்கோ படித்ததை நம்பி, அல்சூர் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினேன். ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறியது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் கேட்டார்.

அந்த 'ரூம்' ஐரோப்பாவின் பழைய குளிர் வீட்டு ரூம், 16 முதல் 18 டிகிரி. என் ஹாலில் அன்று 31. அதனால் முதல் வேலை குளிரவைப்பதுதான். அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் போதும் என்பார்கள், நம்ம கோடைக்கு அது பத்தாது. நான் பக்கெட்டில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி போட்டு, கழுத்து வரை பாட்டிலை முக்கி, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவேன். வெறும் ஐஸ் போடாதீர்கள், இடையில் காற்று நிற்கும், குளிர் ஏறாது. ரொம்ப நேரம் விட்டாலும் தப்பு, குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கலாகி வாசனை அமுங்கிவிடும்.

அடுத்து கார்க். நெம்புவதற்கு இரண்டு படி வைத்த, மடக்குகிற கார்க் திருகுதான் என் கட்சி. இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி கைப்பிடி வைத்த திருகு கார்க்கைக் குடைந்து தூளாக்குகிறது. திறந்ததும் கண்ணாடி ஜக்கில் ஊற்றி அரை மணி விடுங்கள், காற்றுப் பட்டால் துவர்ப்பு தணிந்து ஓக் கொடுத்த வெனிலா, கிராம்பு வாசனை மேலே வரும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான். 150 மில்லி வீதம் ஒரு பாட்டில் ஐந்து பேருக்கு.

தொட்டுக்கொள்ள மட்டன் சுக்கா. காரத்தோடு ஆல்கஹால் சேர்ந்தால் நாக்கு இன்னும் எரியும், அதனால் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டச் சொன்னேன். ஷிராஸுக்கே ஒரு மிளகு வாசனை உண்டு, ஜோடி பொருந்தியது. (வீட்டில் அம்மாவுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை, அது வேறு கதை.)

மீந்ததை மூடி பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: கார்க் பாதியில் உடைந்துவிட்டது, என்ன செய்ய என்று இருவர் கேட்டிருந்தார்கள். மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டு டீ வடிகட்டியில் வடித்து ஊற்றுங்கள். டீ வாசனை இல்லாத வடிகட்டியாக இருக்கட்டும்.