துணியில் கஞ்சி மிச்சமிருக்கிறதா? சோதிப்பதும் போக்குவதும்

குடியாத்தத்தில் எங்கள் தெருவிலேயே அப்பா லுங்கிக்குப் பாவு (நீளவாக்கு இழை) நீட்டி அரிசிக்கஞ்சி பூசுவார். காய்ந்ததும் இழை விறைத்துக்கொள்ளும், தறியில் உரசி அறாது. சாயம் போடும் எனக்கு அதே கஞ்சிதான் தலைவலி. சென்ற ஆண்டு ஒரு காடாத் துணியை இரண்டு முறை அலசிவிட்டுச் சாயத்தில் முக்கினேன். எடுத்தால் திட்டுத் திட்டாக வெளுப்பு.

இப்போது முதலில் சோதித்துவிடுகிறேன். புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடின் ஒரு சொட்டுக்குப் பத்துச் சொட்டுத் தண்ணீர் கலந்து, துணியின் மூலையில் வையுங்கள். பழுப்பு மஞ்சளாகவே நின்றால் கஞ்சி இல்லை. கருநீலமானால் இருக்கிறது. துணி ஆறியிருக்க வேண்டும், சூட்டில் நீலம் தெரியாது.

பருத்தி இழையும் குளுக்கோஸ் சங்கிலிதான், கஞ்சியும் குளுக்கோஸ் சங்கிலிதான். இதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. இழையின் செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. ஒன்று நிமிர்ந்தால் அடுத்தது கவிழ்ந்து, சங்கிலி நேராக ஓடுகிறது. கஞ்சியில் ஆல்ஃபா பிணைப்பு, அதனால் வளைந்து சுருள்கிறது. கஞ்சியின் மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலி உண்டு. கிட்டத்தட்ட கிளையே இல்லாத நீளச் சங்கிலி அமைலோஸ், சுற்றுக்கு 6 குளுக்கோஸ். அந்தச் சுருளுக்குள் அயோடின் வரிசையாகப் போய் உட்காருவதுதான் நீலம். சூட்டில் சுருள் நெகிழ்ந்து அயோடின் வெளியே வந்துவிடும். மற்றது அமைலோபெக்டின். சாதாரண மாவுச்சத்தில் 70 முதல் 80 சதவீதம் இதுதான். 24 முதல் 30 குளுக்கோஸுக்கு ஒன்றாக, 1,6 பிணைப்பில் (ஒன்றின் 1ஆம் கார்பன் மற்றதன் 6ஆம் கார்பனோடு சேர்வது) கிளை விடும். கிளைகள் குட்டை என்பதால் அயோடினோடு செவ்வூதாதான் தரும், அமைலோஸின் நீலம் அதை மறைத்துவிடும்.

சரி, நீலம் வந்தால்? முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு இரண்டு கைப்பிடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து வையுங்கள். மாவு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் கேழ்வரகின் மாவுச்சத்தே துணியில் ஏறிவிடும். அதில் துணியை மூன்று நான்கு மணி நேரம் ஊறவிடுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். கொதித்தால் முளையிலுள்ள அமைலேஸ் நொதி வீணாகிவிடும். கஞ்சிச் சங்கிலி நெடுக இருக்கும் ஆல்ஃபா 1,4 பிணைப்பை அமைலேஸ் வெட்டும். 1,6 கிளைக்கணுவை வெட்டாது, ஆனாலும் மிஞ்சும் துண்டுகள் அலசலில் போய்விடும். பருத்தியின் பீட்டா பிணைப்பை அது தொடாது, பயப்பட வேண்டாம்.

அப்புறம் நன்றாக அலசி, நடுவிலும் கரையிலும் மறுபடி சொட்டு வையுங்கள். கரையில் இழை நெருக்கம், கஞ்சி கடைசியாகத்தான் விடும். அங்கேயும் பழுப்பாகவே நின்றால் சாயச் சட்டியை அடுப்பில் ஏற்றலாம்.