சோலார் வாட்டர் ஹீட்டர் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் வட்டாரங்களில் புது வீடு கட்டுவோர் பலர் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே மொட்டைமாடியில் சோலார் வாட்டர் ஹீட்டரை ஏற்றிவிடுகிறார்கள். இத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களோ, எங்கள் தலைமுறை பிளம்பர்கள் தொடக்கத்தில் செய்து பின்னர் திருத்திக்கொண்ட பிழைகளையே வரி பிசகாமல் திரும்பச் செய்கிறார்கள். அந்தப் பிழைகளுக்கான செலவு முழுவதும் வீட்டுக்காரர் தலையில் விழுவதால், இதை வீட்டுக்காரர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வெயிலில் தண்ணீரைக் காய்ச்சும் கண்ணாடி டியூப்கள் தெற்கு நோக்கி இருக்க வேண்டும், தென்னை நிழல் விழக் கூடாது, தாங்கியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்பவற்றை எந்த விற்பனையாளரும் சொல்லிவிடுவார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆள் கணக்கில் மட்டும் கொள்ளளவை முடிவு செய்வது

"நாலு பேர் இருக்கிறோம், எத்தனை லிட்டர் போதும்?" என்பதே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது, வாளியில் எடுத்துக் குளிக்கிறீர்களா, ஷவரில் நிற்கிறீர்களா என்பதைத்தான். 60 டிகிரியில் உள்ள 100 லிட்டர் வெந்நீரை 27 டிகிரித் தண்ணீரோடு விளாவினால், குளிப்பதற்கு ஏற்ற 40 டிகிரியில் சுமார் 250 லிட்டர் கிடைக்கும். வாளியில் குளிக்கும் நான்கு பேருக்கு அது தாராளமாகப் போதும். நிமிடத்துக்கு எட்டு முதல் பத்து லிட்டர் கொட்டும் ஷவரின் கீழ் ஒருவர் பத்து நிமிடம் நின்றால், அவர் ஒருவருக்கே 80 முதல் 100 லிட்டர் செலவாகிவிடும். மேலும், காலையில் நாம் குளிப்பது முந்தைய நாள் வெயிலில் காய்ந்த தண்ணீரில் என்பதால், மாலையில் இருவர் குளித்துவிட்டால் அந்த இடத்தை நிரப்பும் பச்சைத் தண்ணீர் மறுநாள் காலைக்குள் காய வழியே இல்லை. காலை, மாலை இரண்டு வேளையும் குளிக்கும் குடும்பங்கள் அடுத்த பெரிய அளவையே வாங்க வேண்டும்.

பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் பிரஷர் பம்ப் போடுவது

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தத் தவறுதான். இதை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் வீடு கட்டும்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இது நேர்ந்தே இருக்காது.

சாதாரண டியூப் வகை ஹீட்டரின் வெந்நீர்த் தொட்டி அழுத்தம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. உள்ளே மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, அதைச் சுற்றி வெப்பம் வெளியேறாமல் இருக்க நுரை, அதற்கு மேல் ஓர் உறை, அவ்வளவுதான். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் தன் எடையால் இறங்கி அதை நிரப்புகிறது. தொட்டியின் தலையிலிருந்து மேலெழும் ஏர் வென்ட் குழாய் அதை எப்போதும் வெளிக்காற்றோடு இணைத்து வைக்கிறது. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கொடுக்கும். மேல்நிலைத் தொட்டி வெந்நீர்த் தொட்டியைவிட ஓரிரு மீட்டர்தான் உயர்ந்திருக்கும் என்பதால், அதன் மேல் விழும் அழுத்தம் ஒரு பாரில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்குதான்.

வீட்டுக்காரர் பெரிய வட்ட ஷவர் ஒன்றை வாங்கி மாட்டுகிறார். அதில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. உடனே யாரோ ஒருவர், மொட்டைமாடியில் பச்சைத் தண்ணீர் லைனில் ஒரு பிரஷர் பம்ப் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். பம்ப் வருகிறது; ஒன்றரைப் பார் அழுத்தத்தில் தண்ணீர் சீறுகிறது. வெந்நீர் லைன் மட்டும் பழையபடி தன் எடையிலேயே இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு லைன்களும் ஒவ்வொரு குளியலறையிலும், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்ஸருக்குள் சந்திக்கின்றன. கைப்பிடி ஷவரின் விசையை மட்டும் மூடிவிட்டு மிக்ஸரின் இரண்டு திருகுகளையும் திறந்தபடி விட்டுவிட்டால், அழுத்தம் மிகுந்த பச்சைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து, அதன் வழியாகவே மேலேறி, சோலார் தொட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். குளியலறையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாததால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பொள்ளாச்சிக்கு அருகே ஒரு மாடி வீட்டில் இது எப்படி வளர்ந்தது என்பதைச் சொல்கிறேன். அந்த வீட்டு அம்மா என்னை அழைத்தபோது, "ஏனுங்க தம்பி, சோலார்ல தண்ணி காயவே மாட்டீங்குது, ஆனா பச்சத் தண்ணிக் குழாய்ல சுடுதண்ணி வருதுங்க" என்றுதான் தொடங்கினார். நோய் முழுவதும் அந்த ஒரே வாக்கியத்தில் இருந்தது. மிக்ஸர் வழியாக ஏறிய தண்ணீர், சோலார் தொட்டியில் இருந்த வெந்நீரை அதன் நுழைகுழாய் வழியாகவே பின்னுக்குத் தள்ளி, மேல்நிலைத் தொட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. எனக்கு முன் அங்கே வந்தவர் அதைத் தடுக்கத் தொட்டியின் நுழைகுழாயில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் பொருத்தினார். அந்த வழி அடைபட்டதும், வெந்நீர் ஏர் வென்ட் குழாயின் வாய் வழியாக இரவெல்லாம் மாடித் தரையில் கொட்டியது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததால் பம்பும் நிற்கவில்லை. மற்றொருவர் வந்து அந்த வென்ட் குழாயின் வாயில் ஒரு மூடியைப் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்.

நான் போய்ப் பார்த்தபோது தொட்டியின் ஒரு பக்க மூடி வெளியே பிதுங்கியிருந்தது. உறையின் அடி விளிம்பில் மஞ்சள் நுரை நனைந்து ஊறி, தொட்ட இடமெல்லாம் கையோடு பிய்ந்து வந்தது. மூன்று டியூப்களின் ரப்பர் வளையங்கள் பிதுங்கி அவற்றின் ஓரம் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. உள்தொட்டியின் வெல்டிங் விட்டுப்போயிருந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 36 சென்டிமீட்டர் விட்டமுள்ள பக்கத் தகட்டின் மேல் ஒன்றரைப் பார் அழுத்தம் விழுந்தால், அது சுமார் 1,500 கிலோ எடையை அதன் மேல் சாய்த்து வைத்ததற்குச் சமம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தண்ணீர் வெளியேறும் வழியை ஒவ்வொன்றாக அடைத்தார்களே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. வாங்கி இரண்டு கோடை கூட முடியாத தொட்டி பழைய இரும்புக்குப் போனது. அழுத்தத்தால் வந்த சேதம் என்பதால் வாரண்டியும் செல்லவில்லை.

உங்கள் வீட்டில் இந்தக் கலப்பு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். சோலார் தொட்டியிலிருந்து வெந்நீர் இறங்கும் குழாயின் கேட் வால்வை முழுவதும் மூடுங்கள். பிறகு கீழே வந்து ஏதாவது ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். குழாயில் தங்கியிருந்த தண்ணீர் வடிந்தவுடன் அது நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், வீட்டில் எங்கோ ஒரு மிக்ஸரில் பச்சைத் தண்ணீர் லைன் வெந்நீர் லைனுக்குள் பாய்கிறது என்று பொருள். ஒவ்வொரு குளியலறையாக மிக்ஸரின் கீழுள்ள ஆங்கிள் வால்வுகளை மூடிக்கொண்டே போனால், எந்த அறை என்பது தெரிந்துவிடும்.

இதற்குப் பலர் சொல்லும் தீர்வு, ஒவ்வொரு மிக்ஸரிலும் வெந்நீர் நுழையும் இடத்தில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு. அது தொட்டியைக் காப்பாற்றும், வெந்நீரைக் கொடுக்காது. இரண்டு திருகுகளையும் திறக்கும்போது ஒன்றரைப் பாரில் நிற்கும் பச்சைத் தண்ணீர் அந்த வால்வை அழுத்தி மூடியே வைத்திருக்கும். தன் எடையில் இறங்கும் வெந்நீரால் அதைத் தள்ளித் திறக்க முடியாது. அப்போது வீட்டுக்காரர் ஹீட்டரைக் குறை சொல்லத் தொடங்குவார்.

சரியான வழி, இரண்டு லைன்களிலும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் இருக்கும்படி செய்வதுதான். முதல் வழி, பம்பே இல்லாமல் மேல்நிலைத் தொட்டியை உயர்த்திக் கட்டி, அந்த அழுத்தத்துக்கு ஏற்ற ஷவரைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது வழி, வெந்நீர் தாங்கும் பம்ப் ஒன்றை வெந்நீர் வெளியேறும் குழாயிலும் தனியாகப் போடுவது; இதில் வென்ட் குழாய் திறந்தே இருக்க வேண்டும், தொட்டிக்குள் தண்ணீர் நுழையும் குழாயும் குறுகலாக இருக்கக் கூடாது. பம்ப் உறிஞ்சும் வேகத்துக்குத் தண்ணீரோ காற்றோ உள்ளே வரவில்லையென்றால் தொட்டி உள்நோக்கி ஒடுங்கிவிடும். மூன்றாவது வழி, தொடக்கத்திலேயே அழுத்தம் தாங்கும் தொட்டியுள்ள அமைப்பை வாங்கி, பாதுகாப்பு வால்வுடன் பொருத்தி, ஒரே பம்பிலிருந்து இரண்டு லைன்களுக்கும் தண்ணீர் கொடுப்பது. இது விலை அதிகம். ஆனாலும் மழைபோல் கொட்டும் ஷவர்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். எந்த வழியானாலும் சுவரில் காடி வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்யப்பட வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு குழாயை மாற்றச் சொல்லி எந்தக் குடும்பத்திடமும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

குளியலறைகளை வீட்டின் நான்கு மூலைகளிலும் வைப்பது

முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீர் தங்கும். சோலார் தொட்டியிலிருந்து இருபது மீட்டர் தள்ளிக் குளியலறை இருந்தால், வெந்நீர் வந்து சேர்வதற்குள் ஐந்து லிட்டர் ஆறிய தண்ணீர் ஓடிப்போகும். அடுத்தவர் குளிக்க அரை மணி தாமதித்தால் அந்த ஐந்து லிட்டரில் பெரும்பகுதி மீண்டும் வீண். சமையலறைக்கும் வெந்நீர் லைன் கேட்பவர்களிடம் இந்தக் கணக்கை நான் எப்போதும் சொல்வதுண்டு. பாத்திரம் கழுவக் குழாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் குழாயில் நிற்கும் பச்சைத் தண்ணீர்தான் முதலில் வரும். குளியலறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும்படி வரைபடத்திலேயே கேட்டு வாங்குவது நல்லது. வெயில் படும் குழாய்களுக்கு நுரை உறை போட்டு, அதன் மேல் வெயில் தாங்கும் நாடாவையும் சுற்ற வேண்டும். வெறும் நுரை ஓரிரு கோடைகளில் பொடியாக உதிர்ந்துவிடும்.

வெந்நீருக்குச் சாதாரண பிவிசி குழாய்

கூடாது. சிபிவிசி அல்லது வெந்நீருக்கென்றே செய்யப்பட்ட குழாய் மட்டுமே.

நண்பகலில் தண்ணீர் நிரப்புவது

காலியான கண்ணாடி டியூப் வெயிலில் 200 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதிகாலையில் அல்லது இருட்டிய பிறகே நிரப்புங்கள்.

மின் ஹீட்டரை நாள் முழுவதும் போட்டு வைப்பது

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் இல்லாத நாட்களுக்காகத் தொட்டிக்குள் 2 கிலோவாட் மின் ஹீட்டர் வைக்கப்படுகிறது. 200 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். அதாவது நான்கு மணி நேரம். இரவு முழுவதும் போட்டு வைத்தாலும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும் என்பது உண்மையே. ஆனால் காலையில் எல்லோரும் குளித்து முடித்த பிறகும் சுவிட்ச் போட்டபடியே இருந்தால், புதிதாக நிரம்பிய பச்சைத் தண்ணீரை வெயில் காய்ச்சுவதற்கு முன்பாகவே மின்சாரம் காய்ச்சிவிடும். வீட்டில் முதல் ஆள் குளிக்கப் போகும் முன் அதை அணைத்துவிட வேண்டும். டைமர் வைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை.

மின் தகடுகளையும் வெந்நீர் அமைப்பையும் குழப்பிக்கொள்வது

2024இல் தொடங்கிய பிரதம மந்திரி சூர்யா கர் திட்டத்தின் மானியம் மின்சாரம் தயாரிக்கும் தகடுகளுக்கு மட்டுமே. வெந்நீர் அமைப்புக்கு அது கிடையாது.

தண்ணீரைச் சோதிக்காமல் வகையைத் தேர்ந்தெடுப்பது

சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் நன்றாக ஓடுவதைப் பார்த்து, போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டிலும் அதே அமைப்பை மாட்டுகிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் மொத்தக் கடினத்தன்மையின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு ஆதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கிறார்கள். எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் பல அந்த 600ஐயும் தாண்டுகின்றன. இத்தகைய தண்ணீர் சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு குழாயின் உட்சுவரில் பாறையாகப் படியும். கண்ணாடி டியூப்களுக்குப் பதிலாகத் தட்டையான தகட்டில் தண்ணீரைக் காய்ச்சும் தகட்டு வகையில் உள்ள செம்புக் குழாய்கள் குறுகலானவை என்பதால் விரைவில் அடைபட்டுவிடும். குளிக்கும் தண்ணீர் தகட்டுக்குள் போகாமல், தொட்டியும் தகடும் தனித்தனிச் சுற்றாக இயங்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அமைப்பாக இருந்தால் மட்டுமே அங்கே அதை நான் பொருத்துவேன். டியூப் வகை அகலமானது என்பதால் தாங்கும். ஆனாலும் டியூபின் அடியில் சேரும் வெள்ளைப் படிவை அவ்வப்போது கழற்றி அகற்றியாக வேண்டும்.

தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பியைப் பலர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தண்ணீரிலுள்ள உப்பு தொட்டியின் தகட்டை அரிக்காமல் இருக்க, அந்தக் கம்பி தன்னைத்தானே அரிக்கக் கொடுக்கிறது. கடினத் தண்ணீரில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது அதை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் மெலிந்து, நடுவிலுள்ள இரும்புக் கம்பி தெரியத் தொடங்கியிருந்தால் உடனே மாற்ற வேண்டும். புதிய கம்பியின் விலை, தொட்டியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் தொட்டியின் பக்க மூடியில் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டால், அடுத்து வரும் பிளம்பருக்கும் அது உதவும்.